உங்கள் ஊர்த் தண்ணீரை நீங்களே ஆராய்வது எப்படி

“மேடம், ஒரு தலைப்பு குடுங்க.”

முதுகலை இரண்டாம் ஆண்டு தொடங்கிய வாரத்தில் எப்படியும் ஐந்தாறு பேர் இப்படி வந்து நிற்பார்கள். தருமபுரியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். வீட்டிலேயே முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஆராய்ச்சி என்பது சென்னையிலோ டெல்லியிலோ யாரோ செய்வது, நாம் அதைப் படித்துத் தொகுத்துக் கொடுத்தால் போதும் என்று நம்பிக்கொண்டு வருவார்கள். நான் தலைப்பு கொடுப்பதில்லை. “காலையில குடிச்சிட்டு வந்த தண்ணி எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்பேன்.

“குழாயில மேடம்.”

“குழாய்க்கு?”

“டேங்குல இருந்து.”

“டேங்குக்கு?”

இந்த இடத்தில் பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும். நின்ற இடத்தை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்வேன். அதுதான் தலைப்பு.

அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். தண்ணீரை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அது. ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்த நுரைக்கு இதே வழியைப் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

“எங்க ஊர்ல ஏன் இன்னும் நல்ல தண்ணி வரல?” என்று ஒரு மாணவி கேட்டால் அது ஒரு கேள்வி போலத் தெரியும். உள்ளே மூன்று இருக்கின்றன. தண்ணீர் கெட்டதா, கெட்டதென்றால் எதனால் என்பது ஒன்று. அதற்குப் பதில் பாறையிலும் சோதனைக் கூடத்திலும் இருக்கிறது. நல்ல தண்ணீர் கொண்டுவர யார் முடிவெடுத்தார்கள், எவ்வளவு பணம், எந்த ஆண்டு, எங்கே தடைப்பட்டது என்பது இரண்டாவது. அது கோப்பில் இருக்கிறது. வந்த தண்ணீர் யார் வீட்டுக்கு வருகிறது, யார் வீட்டுக்கு வரவில்லை, யார் தூக்கிச் சுமக்கிறார்கள் என்பது மூன்றாவது. அது குடம் வைத்திருப்பவரிடம் இருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் சான்று வேறு. சோதனைக் கூடத்துச் சீட்டை வைத்து அரசின் முடிவை விளக்க முடியாது. அரசாணையை வைத்துக் குடம் நிறைந்ததா என்று சொல்ல முடியாது. நான் திருத்துகிற ஆய்வேடுகளில் பாதி இந்த இடத்தில்தான் விழுகின்றன. முப்பது கிணற்றின் ஃபுளோரைடு (பாறையிலிருந்து தண்ணீரில் கரைந்து, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் பொருள்) அளவை அட்டவணை போட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் “அரசு உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்று முடித்திருப்பார்கள். எந்த அலுவலகம், எந்தத் தலைப்பில் உள்ள பணம், இதுவரை ஏன் எடுக்கவில்லை? இதில் ஒன்றைக்கூட அவர்கள் ஆராய்ந்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பதில் வந்தால் உங்களுக்குப் பிடிக்காது? 1917-இல் மூனிக் நகரில் மாணவர்களிடம் பேசிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் சங்கடமான உண்மைகள் உண்டு, அவற்றை ஏற்றுக்கொள்ளப் பழக்குவதுதான் ஆசிரியரின் முதல் வேலை என்றார். எனக்குச் சங்கடமானது, எங்கள் ஊரிலேயே சில போர்களில், அதாவது ஆழ்துளைக் கிணறுகளில், ஃபுளோரைடு வரம்புக்குள் இருப்பது. ஊரெல்லாம் விஷம் என்று மேடையில் பேசுவது எளிது. கூட்டத்தில் கைதட்டலும் வரும். அந்தச் சில போர்களை அட்டவணையிலிருந்து நீக்கினால் நான் செய்வது ஆராய்ச்சி இல்லை. அதைவிட, ஊருக்கு உள்ளேயே கைக்கெட்டும் தூரத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்ற செய்தியையும் சேர்த்து மறைத்துவிடுகிறேன்.

பாறையிடம் கேட்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் அடியிலும் கிடப்பது பெரும்பாலும் கடும்பாறை: கிரானைட், நைஸ், சார்னோக்கைட். இந்தப் பாறைகளில் இருக்கும் அப்படைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்கள் ஃபுளோரைடை வைத்திருக்கின்றன. பாறை இடுக்கில் நெடுநாள் தங்கும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. காரத்தன்மையும் பைகார்பனேட்டும் மிகுந்து, கால்சியம் குறைந்த தண்ணீரில் இன்னும் கூடுதலாகக் கரையும். திறந்த கிணற்றில் சேந்திக் குடித்த ஊர்கள் ஆழ்துளைக்கு மாறியபோது, பாறையில் ஊறிக் கிடந்த பழைய தண்ணீர் பல இடங்களில் மேலே வந்தது. ஆனால் ஆழம் கூடினால் ஃபுளோரைடும் கூடியே தீரும் என்று எழுதிவிடாதீர்கள். அது ஊருக்கு ஊர் மாறும். அதனால்தான் ஒவ்வொரு போரிலும் ஆழத்தைக் கேட்டு எழுத வேண்டும். போர் போட்டவருக்கு எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்பது மறக்காது. கடன் வாங்கிப் போட்டிருப்பார்.

அளவு என்ன? இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 தான். “வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில்” என்ற சொற்களை மாணவர்களை இரண்டு முறை படிக்கச் சொல்வேன். எந்த வேதியியலும் இப்படிப் பேசாது. தண்ணீர் இல்லாதவர் உடம்பும் இருப்பவர் உடம்பும் ஒன்றுதான். எங்கே வரம்பைத் தளர்த்தலாம் என்பது மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு. அறிவியல் எண்ணுக்குள்ளேயே சமூகமும் அரசியலும் உட்கார்ந்திருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு எடுத்துக்காட்டு இல்லை. கூடவே இதையும் நினையுங்கள்: சித்திரை வெயிலில் கல் உடைப்பவர் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் குடிக்கும் தண்ணீரும் ஒரே அளவு இல்லை. லிட்டருக்கு எவ்வளவு என்பது ஒரே எண்ணாக இருந்தாலும் உடம்புக்குள் போவது வேறு.

தண்ணீர் பிடிக்கும் முறை இது. பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும். ஃபுளோரைடுக்குக் கண்ணாடி ஆகாது. மோட்டாரையோ அடிபம்பையோ சில நிமிடம் ஓடவிட்டுக் குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை வெளியேற்றுங்கள். அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை கழுவிவிட்டுப் பிடியுங்கள். ஒட்டுச்சீட்டில் எண், தேதி, நேரம், இடம் எழுதி அதன்மேல் தெளிவான செல்லோடேப் ஒட்டுங்கள். நான் எம்.ஃபில். செய்தபோது ஜெல் பேனாவில் எழுதி, ஈரப் பையில் அடுக்கி எடுத்துப்போனேன். சோதனைக் கூடத்தில் பையைத் திறந்தபோது பதினோரு பாட்டிலில் எழுத்தே இல்லை. எது எந்தத் தெரு என்று ஊகித்து எழுத ஒரு நிமிடம் மனம் போனது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுபடியும் இரண்டு நாள் நடந்து பிடித்து வந்தேன். உங்களுக்கும் அந்த ஒரு நிமிடம் வரும். கொட்டிவிடுங்கள்.

கிராமங்களில் கொடுத்திருக்கும் சோதனைப் பெட்டி, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வகை. முதலில் சலித்துப் பார்க்க அது போதும். ஆய்வேட்டில் போடும் எண்ணுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டச் சோதனைக் கூடத்துக்கோ கல்லூரி வேதியியல் துறைக்கோ போங்கள். பத்துப் பாட்டிலுக்கு ஒன்று என்று, ஒரே தண்ணீரை இரண்டு வெவ்வேறு எண்ணில் கொடுத்து வையுங்கள். இரண்டுக்கும் வரும் விடை எவ்வளவு நெருங்கியிருக்கிறதோ அவ்வளவுதான் மற்ற எண்களையும் நம்பலாம். கோடையில் ஒரு முறை, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு முறை பிடியுங்கள்.

காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்று ஊரில் யாராவது சொல்வார்கள். போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இதை மட்டும் ஆய்வு முடியும்வரை காத்திராமல் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பல் சொல்லும் கதை

இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் ஒரு முழு இயலைத் தப்பாக எழுதியது இங்கேதான்.

எங்கள் ஊர் பென்னாகரத்துக்குப் பக்கம். என் பல்லிலும் காவிக்கறை உண்டு. கல்லூரியில் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வேன். எம்.ஃபில்.லுக்கு எங்கள் ஊரையே எடுத்தேன். அமெரிக்கப் பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன் 1930-களில் வகுத்த தர அட்டவணையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் பல்லைப் பார்த்தேன். ஒரே தெரு, ஒரே அடிபம்பு. ஆண்கள் பலருக்குப் பழுப்பு. கல்யாணமான பெண்களில் பலருக்குப் பல் வெள்ளை. பெண்களுக்குப் பாதிப்பு குறைவு என்று ஒரு இயல் எழுதினேன். காரணம் கூடக் கண்டுபிடித்துவிட்டேன்: வெளியில் போய் உழைக்கிற ஆண்கள் அதிகத் தண்ணீர் குடிக்கிறார்கள். படிக்க நன்றாகவே இருந்தது. வழிகாட்டியும் ஒத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆயா, என் பாட்டி. ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், “அவ ஆத்தோரத்துல பொறந்தவ கண்ணு. காவேரித் தண்ணி குடிச்சு வளந்த பல்லு. இங்க வாக்கப்பட்டு வந்து இருவது வருசம் ஆனா பல்லு மாறிடுமா?” என்றார்.

அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. பல்லின் எனாமல் உருவாகிற சிறு வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் நிலைத்த பல்லில் கறையாகிறது. இது நான் படித்த கட்டுரைகளிலேயே இருந்தது. வளர்ந்த பிறகு ஊர் மாறினால் பல் மாறாது. அப்படியானால் நான் எண்ணிக்கொண்டிருந்தது ஆண் பெண் வேறுபாட்டை அல்ல. யார் இந்த ஊரில் பிறந்தவர், யார் வாழ வந்தவர் என்பதை. எங்கள் ஊர்ப் பெண்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், காவிப்பல்லோடு. வேறு ஊர்ப் பெண்கள் வெள்ளைப் பல்லோடு வந்துவிட்டார்கள். பாறையைப் பற்றிய கேள்வி என்று நினைத்தது கல்யாண முறையைப் பற்றியதாக இருந்தது. பள்ளிக்கூடம் போகாத ஆயாவுக்கு அது தெரிந்திருந்தது. அந்த இயலைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

எனவே பல்லைப் பார்ப்பதற்கு முன் கேளுங்கள்: பிறந்தது எந்த ஊர், எட்டு வயதுவரை இருந்தது எந்த ஊர், அங்கே குடித்தது கிணறா, போரா, ஆறா. பெண் பார்க்க வந்தபோது பல்லைப் பற்றி ஏதாவது பேச்சு வந்ததா என்றும் கேட்கலாம். ஆனால் தனியாக, இன்னொரு பெண் ஆய்வாளர் கேட்கட்டும். எல்லோர் முன்னாலும் கேட்டால் அது கேள்வி இல்லை, காயம்.

இந்த உண்மையைப் பயன்படுத்தி இன்றைக்கு அழகான ஆய்வொன்று செய்யலாம். காவிரியிலிருந்து எடுத்துவரும் ஒகேனக்கல் தண்ணீர் 2013-இல் வரத் தொடங்கியது. ஒரே வீட்டில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பிறந்த அண்ணனும் பின்பு பிறந்த தங்கையும் இருந்தால், இருவர் பல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீடு ஒன்று, சமையல் ஒன்று, அப்பா அம்மா ஒன்று. தண்ணீர் மட்டும் வேறு. அது மட்டும்தான் வேறா என்பதையும் கேட்டுத் தெளியுங்கள். இடையில் அந்த வீடு கேன் தண்ணீருக்கு மாறியிருக்கலாம். தர அட்டவணைப்படி பல்லைப் பிரிக்கப் பல் மருத்துவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். படம் எடுத்தால் வாய் மட்டும், முகம் வேண்டாம்.

எலும்பைப் பற்றி எழுதும்போது இன்னும் நிதானம் வேண்டும். இந்தியாவில் ஃபுளோரைடால் வரும் இந்த நோய் (ஃபுளோரோசிஸ்) 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் முதலில் பதிவானது. உழவு மாடுகள் நடக்க முடியாமல் போனதை விவசாயிகள் கவனித்தார்கள் என்று சொல்வார்கள். ஆனால் வளைந்த முழங்கால் எல்லாம் ஃபுளோரைடு இல்லை. சத்துக்குறைவு, மூட்டுத் தேய்மானம் எனப் பல காரணம் உண்டு. என் ஆயாவுக்கு முழங்கால் வளைந்திருந்தது. அதை நான் எந்தக் கட்டுரையிலும் சான்றாக எழுதியதில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் சொல்ல முடியாது. எடுக்கும் முன்பே அவர் போய்விட்டார்.

கோப்பைப் படிப்பது

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கதையைத் தேதிவாரியாக எழுதிப் பாருங்கள். 1998-இல் மத்திய அரசின் இசைவு. 2008 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புப் போராட்டங்கள். அங்கே தேர்தல் நெருங்கிய நேரம். தேர்தல் முடியும்வரை திட்டத்தைத் தள்ளி வைப்பதாக 2008 ஏப்ரலில் அவரே அறிவித்தார். ஜப்பானின் கடனுதவியோடு, சுமார் 1,929 கோடி ரூபாய்த் திட்டமாக அது நிறைவேறி, 2013 மே மாதம் அடுத்த முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். இசைவிலிருந்து தண்ணீர் வரை 15 ஆண்டுகள். 1998-இல் பிறந்த குழந்தையின் நிலைத்த பற்கள், ஞானப்பல் தவிர, எல்லாம் அதற்குள் முளைத்து முடிந்துவிட்டன. தேதிகளை வரிசைப்படுத்திவிட்டால் இப்படிப்பட்ட வாக்கியங்கள் தாமாகவே வரும். யாரையும் திட்ட வேண்டியதில்லை.

எங்கே தேடுவது? நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது, இணையத்தில் கிடைக்கும். பழைய செய்தித்தாள்களை எந்தத் தரப்பினுடையதாக இருந்தாலும் இரண்டு மூன்று எடுங்கள். முடிந்தால் ஒரு கன்னடப் பத்திரிகையும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளில் கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அது நம் மாவட்டங்களின் ஆய்வாளருக்குக் கிடைத்த பெரிய சொத்து. ஏற்கெனவே யார் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ‘சோத்கங்கா’ தளத்தில் பார்த்துவிடுங்கள். “இதுவரை எவரும் ஆராயவில்லை” என்று பார்க்காமலே எழுதுவது பொய் சொல்வதுதான்.

ஊரளவுக்குக் கிராமசபைத் தீர்மானப் பதிவேடும் தகவல் உரிமைச் சட்டமும் போதும். 2005-ஆம் ஆண்டுச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மாணவர்கள் செய்கிற தவறு, “எங்கள் ஊருக்கு ஏன் தண்ணீர் விடவில்லை?” என்று கேட்பது. ‘ஏன்’ என்பதற்கு ஆவணம் இருக்காது. அதைச் சொல்லியே திருப்பி அனுப்புவார்கள். “இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை இந்த ஊராட்சிக்கு நாள்தோறும் வழங்கிய குடிநீர் அளவைக் காட்டும் பதிவேட்டின் நகல்” என்று கேளுங்கள். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பி, அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

கோப்பு பேசும் மொழியைக் கவனியுங்கள். ‘இணைப்பு வழங்கப்பட்டது’ என்றால் குழாய் வந்தது என்று பொருள். தண்ணீர் வந்தது என்று பொருளல்ல. வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அளவுகோல். நான்கு நாளுக்கு ஒரு முறை வரும் தண்ணீரை நாலால் வகுத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரோடு உள்ளூர்ப் போர் தண்ணீரையும் ஏற்றுகிறார்கள். அந்தக் கலப்பு எந்தக் கோப்பிலும் இருக்காது. தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும். குறைந்த சம்பளத்தில் இருக்கும் அவர் வேலைக்கு ஆபத்து வராதபடி அவர் சொன்னதை எழுதுவது உங்கள் பொறுப்பு.

கோப்பை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய பாடம் இருக்கிறது. அரூருக்கு அருகே வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைத் தேடல் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தது உட்படச் செய்த கொடுமையை அதிகாரத் தரப்பு நெடுநாள் மறுத்தது. சி.பி.ஐ. விசாரித்து, தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011-இல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1993-இல் ஒருவர் அரசுத் தாள்களை மட்டும் படித்து ஆய்வேடு எழுதியிருந்தால், அடிக்குறிப்பெல்லாம் சரியாக இருந்து, உள்ளே எழுதியது முழுவதும் பொய்யாக இருந்திருக்கும். அந்தப் பெண்கள் சொன்னதை யாரோ உட்கார்ந்து கேட்டு எழுதியதால்தான் மற்றது நடந்தது.

குடம் வைத்திருப்பவரிடம் கேட்பது

“தங்கள் பகுதியில் பாதுகாக்கப்பட்ட குடிநீர் போதுமான அளவு கிடைக்கிறதா?” இப்படி ஒரு வினாத்தாளோடு ஒரு மாணவன் காரிமங்கலம் பக்கம் போனான். எல்லோரும் ‘கிடைக்குது’ என்று சொல்லிவிட்டார்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அட்டைப் பலகையுமாக வருகிறவர் அரசாங்க ஆளாகத்தான் இருப்பார், ‘இல்லை’ என்றால் வருவதும் நின்றுவிடும் என்று அவர்கள் நினைத்ததில் தவறில்லை.

பலகையை வீட்டில் வையுங்கள். “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்று தொடங்குங்கள். கொடுத்ததைக் குடியுங்கள். பிறகு “இது எந்தத் தண்ணிங்க?” என்று கேளுங்கள். ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’, ‘சப்பத் தண்ணி’, ‘போர் தண்ணி’, ‘ஆத்துத் தண்ணி’, ‘கேன் தண்ணி’ என்று அவர்களே வகைபிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சொற்களையே உங்கள் அட்டவணையின் தலைப்பாக வையுங்கள். குடிக்க எது, சோறு வடிக்க எது, டீ போட எது, மாட்டுக்கு எது என்று தனித்தனியே கேட்டால்தான் உண்மை வரும். நல்ல தண்ணீரை விருந்தாளிக்கும் கைக்குழந்தைக்கும் ஒதுக்கிவிட்டுத் தான் போர் தண்ணீர் குடிக்கும் அம்மாக்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அரிசிக்கும் பருப்புக்கும் ஊற்றும் தண்ணீரிலும் ஃபுளோரைடு உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்காத ஆய்வு பாதிதான்.

முறையைக் கேளுங்கள்: தண்ணீர் திறந்தால் முதலில் எந்தத் தெருவுக்கு, கடைசியில் எதற்கு? வால்வு எங்கே இருக்கிறது? ஊருக்கும் காலனிக்கும் ஒரே குழாயா, தனியா? குழாய் போகிற வழியை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம் என்று கைப்பேசியில் நேரம் பாருங்கள். சாதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், அந்த நிமிடக் கணக்கு அதைக் காட்டிவிடும் ஊர்கள் உண்டு. காட்டாத ஊர்களும் உண்டு, அதையும் எழுதுங்கள்.

உங்களையும் அவர்கள் ஆராய்வார்கள். “எந்தூரும்மா, யாரு வூட்டுப் பொண்ணு?” என்று கேட்பார்கள். அது எங்கே போய் முடியும் என்று நமக்கெல்லாம் தெரியும். மழுப்பாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள். எந்தத் தெருவில் உங்களைத் திண்ணையில் உட்கார வைத்தார்கள், எங்கே நிற்க வைத்தே பேசினார்கள் என்பதை அன்றிரவே குறித்து வையுங்கள். அதுவும் தரவு. யார் கேட்டதால் இந்தப் பதில் கிடைத்தது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். ஒரே தெருவுக்கு வேறு வேறு பின்னணியில் வந்த இரண்டு மாணவர்களைத் தனித்தனியாக அனுப்பி, பதில்களை ஒப்பிட்டுப் பாருங்கள்; நான் அப்படித்தான் செய்கிறேன்.

எழுதியதை அன்றன்றே படமெடுத்து வேறோரிடத்தில் சேமியுங்கள். சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் மைசூர்க் கிராமமொன்றில் தங்கி எழுதி, பல ஆண்டுகள் தொகுத்த குறிப்புகளின் மூன்று படிகளும் 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்தன. மூன்றும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அவர் நினைவிலிருந்து எழுதினார். நம்மால் அது முடியாது.

வெளியிடுவது பற்றி ஒன்றே ஒன்று. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களைத் திறக்காதீர்கள். என் மாணவி ஒருத்தி அம்மாவின் மகளிர் குழுக் கடனில் பணம் எடுத்துக் கட்டினாள். ஆறு மாதத்தில் அந்த இதழின் இணையதளமே இல்லை. ஆறு மாதம் காத்திருந்தாலும், திருப்பி அனுப்பித் திருத்தச் சொன்னாலும், யாராவது உண்மையாகப் படிக்கிற இதழுக்கு அனுப்புங்கள்.

ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

தண்ணீர் பிடித்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாத ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. தமிழில், பெரிய எழுத்தில், நான்கு வரி: எந்தத் தண்ணீர், எந்தத் தேதி, எவ்வளவு ஃபுளோரைடு, வரம்பு எவ்வளவு. கீழே ஒரு வரி: குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர், குளிக்கத் துவைக்க இது போதும் என்றோ, தயங்காமல் குடிக்கலாம் என்றோ. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள். சொந்தப் போரின் அளவு அந்த வீட்டுக்காரருடையது. அவர் சம்மதிக்காமல் சபையில் படிக்கக் கூடாது. பொதுக் குழாயின் அளவு எல்லோருடையதும்.

கிராமசபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுந்து பேச வேண்டாம், ஊர்க்காரர் ஒருவர் பேசட்டும். தீர்மானம் என்ன வார்த்தையில் இருக்க வேண்டும் என்பதை முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். ‘நல்ல தண்ணீர் வேண்டும்’ என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். எந்தத் தொட்டி, எந்தப் போர், எந்த அளவு, கலப்பதை எப்போது நிறுத்துவது, அதுவரை எந்தக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் மட்டும் விடுவது என்று எழுதுங்கள். பதிவேட்டில் எழுதிய பிறகு நகல் கேட்டு வாங்குங்கள்.

அன்றைக்குப் போகும்போது பையில் கழுவிக் காயவைத்த காலி பாட்டில் நாலைந்து, ஒட்டுச்சீட்டு, செல்லோடேப், அழியாத மை பேனா எல்லாம் இருக்கட்டும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது கட்டாயம் பின்னாலேயே வருவார்கள்: “எங்க காட்டுக் கெணத்துத் தண்ணியையும் கொஞ்சம் பாத்துச் சொல்றியா பாப்பா?”